அக்காவின் மழை நோட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் பெரும்பாலோர் முதலில் அட்டைப் படத்தைப் பார்ப்பீர்கள். அடுத்து, நன்றிப் பட்டியலில் உங்கள் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுவீர்கள். நடுவில் இருக்கும் பக்கங்களை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். "நாலு புஸ்தகம் படிச்சவன் நீதான், நீயே எழுது" என்று மாமா சொல்லிவிட்டார். மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. நான் அக்காவுக்குப் பதினொரு வயது இளைய தம்பி. வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

அக்கா மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. அந்த வருஷம் முழுக்கக் காலை எட்டரை மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டின் மாடிப்படி இருபத்தெட்டையும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். முட்டி வலிக்கிறது. எதற்காக ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டால் அக்காவைப் பற்றிச் சொன்னதாகிவிடும். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பும் இல்லை.

அக்கா பிறந்தது காட்டுமன்னார்கோயிலில். அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் கோணி ஊசியோடுதான் பார்த்திருக்கிறேன். எனக்கு மூன்று வயதில் அம்மா காலமானார். அக்காவுக்கு அப்போது பதினான்கு. அந்த வீட்டின் அடுப்பும் நானும் ஒரே நாளில் அவர் கைக்கு வந்து சேர்ந்தோம். அடுப்பு அவருக்கு அதிகத் தொந்தரவு கொடுக்கவில்லை. எனக்குச் சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தானும் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு சிதம்பரம் போய்ப் பட்டம் வாங்கினார். பிறகு கடலூரில் அரசாங்க வேலை. கோப்பில் "பார்வையிடப்பட்டது" என்று எழுத வேண்டுமானால் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார் என்றும், அதனால் பல அதிகாரிகளுக்குத் தலைவலி என்றும் அவரோடு வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்தபோது சொன்னார்கள். அவருக்குக் குழந்தைகள் இல்லை. அந்தக் குறை தெரியாதபடி நான் ஐம்பத்தைந்து வயது வரை நடந்துகொண்டேன்.

ஓய்வுபெற்ற அன்று, "உனக்கு என்னக்கா வேணும்?" என்று கேட்டேன். பட்டுப் புடவை என்பார், அல்லது காசி டிக்கெட் என்பார் என்று நினைத்தேன்.

"மழை அளக்குற மிஷின் ஒண்ணு வாங்கிக் குடுடா. நம்ம வீட்டு மாடியில எவ்ளோ பெய்யுதுன்னு தெரியணும்."

"எதுக்குக்கா? அதான் டிவியில சொல்றானே?"

"அவன் அவன் வீட்டுல பெஞ்சதைச் சொல்லுவான். எனக்கு எங்க வீட்டுல பெஞ்சது வேணும்."

வீட்டு வானிலை நிலையம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்படித்தான் என்னிடம் வந்தது. எந்தப் பொருளையும் வாங்குமுன் அதைப் பற்றி உலகில் எழுதப்பட்ட அனைத்தையும் படித்துவிட்டு, கடைசியில் அட்டைப்பெட்டி அழகாக இருப்பதை வாங்குவது என் வழக்கம். இரண்டு மாதம் படித்தேன். காற்றின் வேகம், திசை, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், மழை எல்லாம் காட்டுகிற, கலர் திரை வைத்த ஒன்றை வாங்கினேன். வெயில் ஏறினால் திரையில் ஒரு பொம்மை சட்டையைக் கழற்றும். குளிர்ந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டார்.

"இதுல போடுற பேட்டரி நம்ம ஊர் கடையில கிடைக்குமா? உப்புக் காத்து தாங்குமா? மழை விழுற வாயில குப்பை அடைச்சா கழட்டிக் கழுவ முடியுமா?"

நான் படித்த மதிப்புரைகளில் இந்த மூன்றும் இல்லை. அவற்றை எழுதியவர்கள் யாரும் கடலூரில் குடியிருக்கவில்லை. "பொம்மை ஸ்வெட்டர் போடும்க்கா" என்றேன்.

"போடட்டும். குளுருதோ என்னவோ" என்றார் அக்கா.

மாட்டியதும் நான்தான். மாடியில் வாகாகத் துளை போட இடம் கிடைத்தது தண்ணீர்த் தொட்டியின் சுவரில். காற்றாடியும் மழைவாயும் ஒரே குச்சியில் இருந்தன. தொட்டிச் சுவரில் அடித்துவிட்டுச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். அப்போது அங்கே ஒரு வாடகை அறையில் அச்சகங்களுக்குப் பிழை திருத்திப் பிழைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் சொல்வதெல்லாம் என் கைபேசிக்கே வந்துவிடும்படி வைத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை, கடலூர் வீட்டில் எழுபத்தொரு மில்லிமீட்டர் மழை என்று கைபேசி காட்டியது. சிதம்பரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெப்பச்சலனம் பற்றி அரைப் பக்கம் விளக்கத்தோடு சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பண்ருட்டியிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான்.

"ண்ணே, கடலூர்ல கொட்டுது, இங்கயும் வரும்னு காயப்போட்ட முந்திரிக்கொட்டையெல்லாம் ஆள் வச்சு அள்ளி குடோன்ல போட்டுட்டேன். இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. மழை எந்தப் பக்கமா வருது, கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"

அதற்குள் அக்கா மாடிக்கு ஏறிவிட்டிருந்தார். மாமா வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். தொட்டி நிரம்பி வழியும் குழாய் நேராக மழைவாயின் தலைக்கு மேல் இருந்தது.

"மாடிக்குப் போய் யாரையாவது பாக்கச் சொன்னியாடா?" என்று அக்கா போனில் கேட்டார்.

"போன்லயே தெரிஞ்சுதேக்கா."

"ம்."

அந்த "ம்" இன்னும் எனக்குக் கேட்கிறது. பின்னாலிருந்து மாமா, "தம்பிகிட்ட சொல்லு, நாளைக்கு நான் மோட்டார் போடலைன்னா பஞ்சம்னு குழுவுல போட்டுடப் போறான்" என்றதும் கேட்கிறது.

அடுத்த வாரமே மிஷின் தொட்டியை விட்டுக் கிழக்கு மூலைக்கு, ஓர் இரும்புக் குழாயின் உச்சிக்கு இடம் மாறியது. அதோடு அக்கா, கோடு போட்ட ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் அளவுக் குழாயும் வாங்கிப் பக்கத்தில் நிறுத்தினார். அதில் பேட்டரி இல்லை, பொம்மை இல்லை. மழை விழும், நிற்கும். நாம் போய்க் குனிந்து பார்த்து, எழுதி, கொட்ட வேண்டும். "மிஷின் எண்ணுறதை எண்ணட்டும். இது சாட்சிக்கு" என்றார். இரண்டு வருஷத்தில் உப்புக் காற்று மிஷினின் பேட்டரிக் கம்பிகளைத் தின்றுவிட்டது. கடைசியாகப் பொம்மை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மஞ்சக்குப்பத்தில் பனி பெய்வதாகக் காட்டிவிட்டுக் கண்ணை மூடியது. சாட்சி இன்றும் நிற்கிறது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது வாங்கும் எண்ணம் இருந்தால் சாட்சியை முதலில் வாங்குங்கள்.

அதன்பின் தினமும் காலை எட்டரைக்கு அக்கா மாடி ஏறுவார். ஒரு நீளக் கணக்கு நோட்டில் தேதி, அளவு, அவ்வளவுதான். கவிதையாக ஒரு வரி கிடையாது. மழை இல்லாத நாளிலும் ஏறி, பார்த்து, சைபர் போடுவார். "வெயில் காயுதே, கீழ இருந்தே சைபர்னு போட்டா என்ன?" என்று மாமா கேட்டால், "பாத்துட்டு போடுற சைபர் வேற" என்பார். கல்யாணம் வைத்திருக்கும் உறவினர்கள், அறுப்பு வைத்திருக்கும் உறவினர்கள் எல்லாரும், "அக்கா, நாளைக்கு மழை வருமா?" என்று கூப்பிடுவார்கள். "எனக்கு எப்பிடிப்பா தெரியும்? நேத்து பெஞ்சதை வேணா சொல்றேன்" என்பார். அப்படியும் கூப்பிடுவார்கள்.

போன ஐப்பசியில் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. சிதம்பரத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். மாமா துணைக்கு அங்கே இருந்தார். நான் சிதம்பரத்தில் இருப்பவன், எனவே நானே துணை இருந்திருக்கலாம். ஆனால் அக்கா வேறு மாதிரி ஏற்பாடு செய்தார்.

"நீ கடலூர் வீட்டுக்குப் போயிடு. எட்டரைக்கு மாடி ஏறிப் பாத்து எனக்குப் போன்ல சொல்லு. நான் எழுதிக்கிறேன். இத்தினி வருஷத்துல ஒரு நாளும் விட்டுப்போகலைடா."

நோட்டை ஆஸ்பத்திரிக்கே எடுத்துவந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். நானும் ஏறினேன், பார்த்தேன், சொன்னேன். மதியம் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய் அக்காவைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்புவேன். இப்படி மூன்று வாரம். உடம்பு அசந்துபோயிற்று. ஒரு நாள் காலை கண் விழித்தபோது எட்டரை. ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

"எவ்ளோடா?"

படுத்தபடியே, "ஒண்ணும் இல்லைக்கா. சைபர்" என்றேன்.

பொய் சொன்னவன் அதை ஞாபகமாவது வைத்திருக்க வேண்டும். எனக்கு அதற்கும் சாமர்த்தியம் இல்லை. மதியம் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே என் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"மைதானம் பூராத் தண்ணிக்கா. விடியக்காலையில ஊத்தியிருக்கு. பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள முட்டி வரைக்கும் நனைஞ்சிடுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மாமா என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். அக்கா தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, தானே எழுதியிருந்த சைபரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏறலியா?"

"அசந்துட்டேன்க்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"எனக்குப் பத்து வயசு. நீ பொறக்கலை. அப்பா அப்போ மில்லுல களத்து மேஸ்திரி. அவிச்ச நெல்லைக் களத்துல பரப்புறதும் வாருறதும் அவரு சொல்றதுதான். அன்னிக்கு என்னைப் பாத்து, 'பாப்பா, ஏரிப் பக்கம் மேகம் எப்பிடி இருக்கு, பாரு'ன்னாரு. நான் அஞ்சாங்கல் ஆடிக்கிட்டு இருந்தேன். தலையத் தூக்கவே இல்லை. 'ஒண்ணும் இல்லைப்பா'ன்னேன். அத்தனை நெல்லையும் பரப்பச் சொல்லிட்டாரு. ஒரு மணி நேரத்துல கொட்டுச்சு பாரு, பாதி நெல்லு வாய்க்கால்ல போச்சு. மீதி நாத்தம் எடுத்துடுச்சு."

"அப்பா அடிச்சாரா?"

"இல்லை. 'தெரியலைன்னு சொல்லியிருக்கலாமேம்மா'ன்னாரு. மறுநாள்லேர்ந்து அவரைக் களத்துல விடலை. மூட்டை தைக்கப் போட்டுட்டாங்க. யாரு சொன்னதுன்னு அவரு யாருகிட்டயும் சொல்லலை. அம்மாகிட்ட கூட."

நான் பார்த்த கோணி ஊசிக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு களம் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆரஞ்சு கையிலேயே இருந்தது. மாமாவும் அதை முதல் முறையாகத்தான் கேட்டார் என்று பிற்பாடு சொன்னார்.

"இந்தா பேனா" என்றார் அக்கா. "சைபரை அடிச்சிட்டு, 'பாக்கலை'ன்னு எழுது. நாளைக்கு ஏறிப் பாத்து, ரெண்டு நாளுக்கும் சேத்துன்னு போடு. விட்டுப்போனா விட்டுப்போச்சுன்னு எழுதறதுல ஒண்ணும் தப்பில்லைடா."

எழுதினேன். அவருடைய நோட்டில் அடித்தல் திருத்தல் உள்ள ஒரே இடம் அது. கையெழுத்து என்னுடையது.

அதற்குப் பிறகு அக்கா ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் ஏறினேன். பத்தாம் நாள் எட்டே காலுக்குப் போன் வந்தது. அக்கா கூப்பிடும் நேரம் அது இல்லை. மாமாதான் பேசினார். நான் மாடிக்குப் போகவில்லை.

அந்த நேரத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனையில் இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு. அடைமழையில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வேன் பிடித்து வந்த உறவினர்களுக்கு. பந்தல் ஒழுகியபோது தார்ப்பாய் எடுத்துவந்து தானே மேலேறிக் கட்டிய பண்ருட்டித் தம்பிக்கு. "இப்போ நெசமாவே பெய்யுதுண்ணே" என்று அவன் சொன்னதற்கு நானும் மாமாவும் அந்த நாட்களில் ஒரே ஒரு முறை சிரித்தோம். அதற்காகத் தனி நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள், விட்டுப்போயிற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மறுநாள் எட்டரைக்கு மாடி ஏறினேன். அளவுக் குழாய் விளிம்பு வரை நிறைந்து, வழிந்து, மேலே ஒரு வேப்பிலை மிதந்துகொண்டிருந்தது. நோட்டில் அக்காவின் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: "பதினாறு நாள் பார்க்கவில்லை. குழாய் நிரம்பி வழிந்துவிட்டது. அளவு தெரியவில்லை."

மாமாவுக்குச் சமைத்துப் போட என்று வெளியில் சொல்லிக்கொண்டு கடலூரிலேயே தங்கிவிட்டேன். வரும் நினைவு நாளன்று படையல் காலை எட்டரைக்கு என்று அழைப்பிதழில் தவறாக அச்சாகிவிட்டது. பிழை திருத்தியவன் நான்தான். எட்டே முக்காலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதாக வந்துவிடுபவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருங்கள். நான் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவேன்.