ரயில் எங்கே நிற்கிறது?

பயணச்சீட்டு ஜன்னலின் இரும்புக் கம்பியை இறுகப் பற்றிய ஒரு கை. மழையில் நனைந்து, விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்த கை. ரப்பர் தோட்டத்து மருத்துவச்சியம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் ஜொகூரில், கூலாய்க்கு வடக்கே இருந்த ஒரு சிறிய ரயில் நிலையத்தில் நான் தந்தி குமாஸ்தா. அடைமழைக் காலம். பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் போட்டு அந்த அம்மா அழைத்து வந்திருந்தார். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உயிர் பிழைக்கும்.

ரயில் வரும் நேரம் கடந்துவிட்டது. "வரும், இருங்கோ" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர், விதி மீறாதவர். தாமதத்தைப் பயணிகளிடம் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. சொன்னால் ஆட்கள் கலைந்து போவார்கள். வண்டி முன்னதாக வந்துவிட்டால் பழி நிலையத்தின் தலையில் விழும்.

அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. "ரயிலு எங்க நிக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"அதைச் சொல்லேலாது அம்மா" என்றார் மாஸ்டர்.

"காத்திருக்கறதா வேணாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்யா. எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் இந்தக் கம்பிய விடமாட்டேன்."

குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. "தண்டவாளத்துல தண்ணி ஏறிடுச்சும்மா. ரயிலு குளுவாங் டேசன விட்டே கெளம்பல. இன்னிக்கு வராது" என்றேன்.

அவர் ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. எதிரே லாரியில் அன்னாசிப் பழம் ஏற்றிக்கொண்டிருந்த சீன முதலாளி, தவுக்கேயிடம் ஓடி, "தொலோங், தவுக்கே!" என்று மலாய் மொழியில் உதவி கேட்டார். தவுக்கே மாட்டுவண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பழங்களை இறக்கச் சொல்லிவிட்டார். சாக்குகளை விரித்துப் பெண்ணைப் படுக்கவைத்து, மழைக்குத் தார்ப்பாயைப் பிடித்தபடி அம்மாவும் ஏறிக்கொண்டார். லாரி தெற்கே விரைந்தது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வெள்ளம் வடிந்தபின் ரயிலிலேயே திரும்பிய அம்மா நேராக ஜன்னலுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்தார் என்று நினைத்தோம்.

"அன்னிக்கு நான் புடிவாதமா நின்னேன், சொன்னீங்க. வாயில்லாத சனம் என்னா செய்யும்? நீங்களே சொல்லிடுங்கய்யா."

அன்று மாலை வண்டியும் தாமதம். மாஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு நடைமேடைக்குப் போனார். வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று தமிழிலும் மலாயிலும் உரக்கச் சொன்னார். அது அன்றாட வழக்கமாயிற்று.

இன்று ஜொகூர் பாரு நிலையத்தில் ஒலிபெருக்கி அதைச் சொல்கிறது. ஜனங்கள் அரைக் காதால் கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் ஒருமுறை, ஆய்வுக்கு வந்த ரயில்வே மேலதிகாரி முகம் சிவக்கக் கேட்டார்: யார் உத்தரவில் இப்படிக் கூவுகிறீர்?

மாஸ்டர் தொப்பியைக் கழற்றவில்லை. "காத்துக்கொண்டு நிக்கிற சனத்துக்கு உண்மையைச் சொல்ல ஆரின்ர உத்தரவு வேணும், ஐயா?" என்றார். பிறகு, தாமதமாகியிருந்த அடுத்த வண்டியை அறிவிக்க வெளியே போனார்.