ஐசிக்கு எடுக்காத படம்

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பாச்சாங் ஊரிலிருந்து வந்த புகைப்படக்காரர். ஐம்பது வயதிருக்கும், புருவம்கூட நரைத்திருந்தது. லூபோக் சீனா ஊரில் எங்கள் வீட்டில் நோயில் படுத்துவிட்ட என் அண்ணனைப் படம் எடுக்க அழைத்திருந்தோம். அண்ணனிடம் ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு என்று சொல்லி வைத்திருந்தோம்.

ஃபிளாஷ் வேண்டாம், சன்னல் வெளிச்சம் போதும் என்று கேமராவில் கனத்த லென்ஸ் ஒன்றை மாட்டினார். அது தானாக ஃபோகஸ் ஆகாது. வளையத்தை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார். அண்ணன் மூச்சு விட்டாலே முகம் மங்கிவிடுமாம். அதனால் அவரும் தன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

“ஐசி படத்த ஆபீஸ்லயேதான எடுப்பாங்க? யார்கிட்ட லா கதை விடுறீங்க?” என்றார் அண்ணன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் புகைப்படக்காரரிடம் திரும்பினார். “நீயாவது சொல்லு தம்பி. சவப்பெட்டி முன்னால வைக்கிற படமா?”

அவர் கேமராவை இறக்கினார். “ஆமாண்ணே.”

“அப்ப அந்த நீலச் சட்டைய எடுங்க. இந்த பனியனோடயா என்னை அனுப்புவீங்க?”

சட்டை மாற்றிய பிறகு எடுத்த படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. அதில் அண்ணன் அந்த மனிதரைத்தான் பார்க்கிறார். கூடவே இருந்த எங்களில் யாரையும் கடைசி மாதங்களில் அவர் அப்படிப் பார்க்கவில்லை.