ஐந்தாம் நம்பர் புரதமும் பரீதா ராத்தாவும்

கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் யாரும் விரும்பி உட்கார மாட்டார்கள். உடுப்பெல்லாம் எருமைப்பட்டி மணம்... மடியில் ஐஸ் பெட்டி, அதற்குள் எருமை இரத்தம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய்கள்.

துறைமுகப் பக்கம் ஒரு சின்ன லேப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. புருசெல்லோசிஸ் நோய்க்குத் தடுப்பூசி தேடிக்கொண்டிருந்தோம். மாடு, எருமைகளுக்கு அது வந்தால் மாதம் நிறையாமலே கன்று விழுந்துவிடும். பால் கறப்பவர்களுக்கும் தொற்றும். உயிருள்ள கிருமியில் செய்த ஊசி ஏற்கெனவே இருந்தது. ஆனால் சினைப்பட்ட மாட்டுக்குப் போட்டால் ஆபத்து. அதனால் முழுக் கிருமி வேண்டாம், அதன் ஒரேயொரு புரதம் போதுமா என்று பார்த்தோம்.

எந்தப் புரதம்? அதுதான் கேள்வி. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, நோய்ப்பட்ட எருமையின் இரத்தம் எதை அடையாளம் காண்கிறது என்று சோதிப்பேன்.

அந்த இரத்தம் பெரும்பாலும் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பரீதா ராத்தாவின் பட்டியில் எடுத்தது. அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். கணவர் இறந்த பிறகு தனியாக எருமை வளர்த்தவர். ஒரே வருடத்தில் நான்கு கன்றுகள் விழுந்திருந்தன. அவருக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு நோவு... நான்தான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே நோய். வாரக்கணக்கில் மாத்திரை குடித்துச் சுகமானார்.

ஐந்தாம் நம்பர் புரதத்தை இரத்தம் அடையாளம் கண்டு, சோதனைத் தாளில் கருப்பாக ஒரு கோடு விழுந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஓடினேன்.

"ராத்தா, ஒண்டு கிடைச்சிட்டுது. ரெண்டு வருசத்துல ஊசி வந்திரும்."

"அப்ப இந்த ரெண்டு நாகையும் விக்காம வெச்சிருக்கன் தங்கச்சி."

இன்னும் கன்று ஈனாத இளம் எருமைகள் அவை. என் சொல்லை நம்பி வைத்துக்கொண்டார்.

பிறகு அந்தப் புரதத்தை எலிகளுக்கு ஊசியாகப் போட்டு, கிருமியையும் ஏற்றிப் பார்த்தோம். ஊசி போட்ட எலிகளிலும் போடாதவற்றிலும் கிருமி ஒரே அளவில் பெருகியிருந்தது. ஐந்தாம் நம்பர் தோற்றுவிட்டது.

வெட்கத்தில் மூன்று மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது ஒரு நாகுக்குக் கன்று விழுந்திருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ராத்தா... அது சரிவரேல்ல."



"நீங்க பொய் சொல்லல்ல. அவசரப்பட்டுட்டீங்க." பிறகு அந்த நாகை இழுத்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இதுட ரத்தத்தையும் எடுங்க. அடுத்த சோதனைக்கு உதவும்."

எனக்கு நரம்பு அகப்படவில்லை. மூன்றாம் தரம்தான் எடுத்தேன்.

அடுத்த வருடம் ராத்தா எருமைகளை விட்டுக் கோழி வளர்ப்புக்கு மாறிவிட்டார்.

இப்போதும் நான் அதே தேடலில்தான் இருக்கிறேன். எந்தப் புரதம் பொருந்தும் என்று கம்ப்யூட்டரே முதலில் பட்டியல் போட்டுத் தருகிறது. அன்று எனக்கு மாதக்கணக்கில் இழுத்த வேலை இப்போது ஒரு பகலில் முடிகிறது. ஒன்று தோற்றால் பட்டியலில் அடுத்ததற்குப் போய்விடுகிறோம்... எந்தப் பட்டி வாசலிலும் நின்று தோற்றதை யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

சுலபம்தான். ஆனால் அப்படிச் சொல்லாமல் போவது எனக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை.