எங்கட காடு

எல்லைக் கல் நட வந்த வன இலாகா அதிகாரிக்குப் பெரியம்மா முதலில் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. வெயிலில் வந்த மனிதர் என்று இரங்கி, தன் காணியில் தோண்டிய பூவல் கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரை இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தமிழ் தெரியாததால் கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மூலம் இது என்ன இடம் என்று விசாரித்தார். பெரியம்மா கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னார்.

"இது எங்கட காடு, தம்பி."

வாகரைப் பக்கத்தில் சேனைப் பயிர் செய்கிற நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். ஒருவர் காட்டுக்குப் போகிறேன் என்றால், சோளனுக்குக் காவல் இருக்கப் போகிறார் அல்லது கச்சான் கடலை பிடுங்கப் போகிறார் என்று அர்த்தம். காட்டில் விளைந்தது என்று பயற்றங்காய் கொண்டுவந்து தருவார்கள். இது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வெளி மாவட்டத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. பெரியம்மா சொன்ன சொல்லை அவர் அப்படியே மரங்கள் அடர்ந்த வனமாக்கி அதிகாரியிடம் சேர்த்தார். அதிகாரி சிரித்தார். காடு என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார், பிறகென்ன தகராறு என்றாராம். அன்று பின்னேரமே மரமுந்திரிகை மரத்தடியில் கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். அந்த மரம் பெரியப்பா வைத்தது. தானாக முளைத்த மரத்துக்கும் ஆள் வைத்த மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் காட்டைக் காப்பாற்ற வந்திருந்தார்கள்.

அந்தக் காணி பெரியம்மாவுக்குத் தாய்வழியில் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். அவருடைய தாயின் தாய் அதை வெட்டித் திருத்தியபோது அந்த இடத்துக்கு ஒரு கிறவல் ரோட்டுக்கூட இல்லை. காணி உறுதிப் பத்திரம் எங்கே என்று கந்தோரில் கேட்டார்கள். எந்த அரசாங்கமும் எட்டிப் பார்க்காத இடத்தில் உறுதியை யார் எழுதிக் கொடுத்திருப்பார்? சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து, முகாம் முகாமாய் அலைந்து, திரும்பி வந்து பார்த்தபோது நிலம் முழுக்கப் பற்றை மூடியிருந்தது. ஆளில்லாத நிலத்தில் பற்றை முளைக்காமல் வேறு என்ன முளைக்கும்? எங்களை ஓட வைத்தவர்களே, ஓடிய காலத்தில் வளர்ந்த பற்றையைக் காட்டி, இங்கே யாரும் இருந்ததில்லை என்றார்கள். காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டைக் காக்கட்டும். ஆனால் ஒருத்தி உடம்பு வளைந்து உண்டாக்கிய நிலம் அவளுடையது. அது அரசாங்கம் போட்ட பிச்சை அல்ல. சொந்த மண்ணில் நிற்க அனுமதிப்பத்திரம் கேட்டு வரிசையில் நிற்பதை ஏதோ பாக்கியம் போல நினைக்க நம்மைப் பழக்கிவிட்டார்கள். தந்தவன்தானே பறிக்கலாம், இவர்கள் எதைத் தந்தார்கள்?

மாரி மழைக்கு முன் விதைக்க வேண்டும். பெரியம்மா கல்லைச் சட்டை செய்யாமல் கத்தியோடு போய்ப் பற்றையை வெட்டத் தொடங்கினார். மூன்றாம் நாள் காடழித்த குற்றத்துக்கு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அப்போது மட்டக்களப்பு டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தேன். செய்தி கேட்டு ஓடிப் போனபோது, நீதிமன்ற வாசலில் சேலைத் தலைப்பால் கையில் பட்ட முள்ளுக் கீறலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சட்டத்தரணி நல்ல மனிதர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டம்தான், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள். பெரியம்மா சட்டத்தரணியிடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"நான் ஓம் எண்டு சொன்னா, பிறகு காணி ஆருட?"

அவர் மழுப்பவில்லை. அரசாங்கத்துடையது என்று ஆகிவிடும் என்றார். பெரியம்மா கூண்டில் ஏறி, குற்றவாளியா சுத்தவாளியா என்று கேட்டபோது, எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான் சுத்தவாளி, ஐயா. என்ட நிலத்தில என்ட பத்தையைத்தான் வெட்டினன்."

அதற்குப் பிறகு வழக்குத் தவணைகள்தான். ஒரு தவணைக்கு அதிகாரி வரமாட்டார், இன்னொன்றுக்குக் கோப்பு வராது. விதைக்கவும் தடை. காடு காய்ந்து கிடக்க, பெரியம்மா வெளுத்த சேலையை மடிப்புக் கலையாமல் உடுத்துக்கொண்டு விடிய பஸ் ஏறுவார், பின்னேரம் வெறும் வயிற்றோடு திரும்புவார். கடைசி வரைக்கும் யாரும் அவரிடம் அந்த நிலம் யாருடையது என்று கேட்கவே இல்லை. இரண்டு தவணைகளுக்கு இடையில், நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை. எதிரி இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் அதுதான் பெயர். சட்டத்தின் கண்ணில் அவர் எதிரி.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மரமுந்திரிகை இல்லை. பூவல் இல்லை. நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே இறால் வளர்க்கத் தோண்டிய பெரிய குளங்கள். ஏதோ ஒரு கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெரியம்மாவின் கத்திக்கு மட்டும் காடாக இருந்த இடம், மெஷின் வந்ததும் காடில்லாமல் போய்விட்டது. வேலி ஓரமாக நடந்தேன். காவலுக்கு நின்றவர் பக்கத்து ஊர் மனிதர்தான். என்னை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உள்ளுக்கு விட ஏலா, தங்கச்சி. இது தனியார் காணி."

அந்த ஒரு சொல்லைத் தன் நிலத்தைப் பற்றி யாராவது சொல்லிக் கேட்கத்தான் பெரியம்மா சாகும்வரை பஸ் ஏறினார்.