மானுக்குப் போட்ட மாலை

பத்தாவதோடு படிப்பை முடித்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் புத்தகம் படிக்கிறவர்களுக்குக் கதை சொல்ல வந்திருப்பதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஒரு மான் தலையைப் பற்றித்தான்.

அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். கம்பெனி ஆபீஸ் அறையில், முதலாளியின் தாத்தா அந்தக் காலத்தில் சுட்டுப் பாடம் செய்து வைத்த மான் தலை சுவரில் மாட்டியிருக்கும். கண்கள் கண்ணாடி. உடம்பு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்று நம்பி ஒருநாள் போய்ப் பார்த்தேன். நூல் மூட்டைகள்தான் இருந்தன.

அந்த வருஷம் அப்பாவின் தங்கை ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கி, அதே கம்பெனியில் பனியன் மடிக்கும் வேலையில் சேர்ந்தாள். ஊரில் அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். அத்தையைவிட அப்பாவுக்குத்தான் அவர் வயதில் நெருக்கம். அத்தை அழுது அடம்பிடித்துத்தான் பஸ் ஏறியிருந்தாள். அப்பா அரைமனதாகத்தான் வைத்துக்கொண்டார்.

"ஒரு புகார் என் காதுக்கு வரட்டும், மறுநாளே பஸ் ஏத்திருவேன்" என்று சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் சொல்வார்.

ஆயுத பூஜை வந்தது. காலையில் எல்லோரும் மெஷின் துடைக்க, ஆபீஸ் அறை அத்தைக்கு வந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் கூடப் போனேன். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி ஏறாத பொருளே கிடையாது. மான் முகத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அத்தை குத்துவிளக்கைச் செங்கல் பொடி போட்டு, தேங்காய் நாரால் பளபளவென்று விளக்கினாள். அதே கையோடு, அதே நாரால், மானின் கண்களையும் விளக்கிவிட்டாள்.

ஈரம் காய்ந்ததும்தான் தெரிந்தது. இரண்டு கண்ணும் கீறல் விழுந்து, புரை வந்த கிழவனுடையதுபோல் வெளுத்துவிட்டன.

அத்தையின் முகமும் வெளுத்தது. "ஏட்டி, ஒங்கப்பாட்ட மூச்சு விட்ராத" என்றாள்.

முதலில் தேங்காய் எண்ணெய் தடவினாள். கண்கள் பழையபடி கறுத்து மின்னின. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், பறக்கிற பஞ்செல்லாம் எண்ணெயில் ஒட்டி, இரண்டு கண்ணிலும் நரைமுடி முளைத்திருந்தது.

"இப்ப மொதலாளி தாத்தா மாரியே இருக்குல்லா அத்தை?" என்றேன். ஆபீஸில் அவர் போட்டோவும் இருந்தது. அத்தை அழுகையும் சிரிப்புமாக என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பிறகு எண்ணெயை வழித்தெடுத்து, பற்பசையைப் பனியன் வேஸ்ட் துணியில் தொட்டு, கை கடுக்கக் கடுக்கத் தேய்த்தாள். நானும் முறை போட்டுத் தேய்த்தேன். கீறல் கொஞ்சம் மட்டுப்பட்டது, போகவில்லை. அப்போதுதான் அவளுக்கு நகப்பூச்சு நினைவு வந்தது. அப்பா கண்ணில் படக்கூடாது என்று நிறமில்லாததாகப் பார்த்து வாங்கி, பூசிய சந்தோஷத்தைத் தான் மட்டுமே அனுபவித்து வந்தாள். ஓடிப்போய் அதை எடுத்து வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்லிய பூச்சாக ஒன்றின்மேல் ஒன்று பூசினாள். வலது கண் உயிர் வந்தாற்போல் ஈரமாகப் பார்த்தது. இடது கண்ணுக்கு வந்தபோது புட்டி காலி.

அதற்குள் முதலாளியம்மா வந்துவிட்டார். பின்னாலேயே பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு அப்பா.

அந்த அம்மா மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். அறை முழுக்க நகப்பூச்சு வாசனை. மானை அண்ணாந்து பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"நீதான் தொடச்சியா கண்ணு?"

"ஆமாம்மா." அத்தையின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாளாம்மா?" என்று அப்பா ஓரடி முன்னால் வந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா சுத்தமா வெச்சிருக்குது புள்ள" என்றவர், மெஷினுக்கென்று கட்டி வந்த செவ்வந்தி மாலையைக் கூடையிலிருந்து எடுத்து, அத்தையை முக்காலி பிடிக்கச் சொல்லி ஏறி, மான் கொம்பில் மாட்டினார். எந்த வருஷமும் மானுக்குச் சந்தனப் பொட்டு மட்டும்தான். மாலை ஒருபக்கமாகச் சரிந்து இடது கண்ணை மூடிவிட்டது.

என் வாய் அன்றைக்கென்று திறந்துகொண்டது. "அம்மா, மாலை கோணலா இருக்குதுங்க!"

அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

"அதுபாட்டுக்கு இருக்கட்டும் உடு கண்ணு. காயற வரைக்கும் யாரும் எடுக்க வேண்டாம்" என்றபடி முதலாளியம்மா இறங்கி, இரண்டு பிடிப் பொரிகடலையை என் பாவாடையில் போட்டார்.

அத்தை திருப்பூரிலேயே இருந்தாள். பிறகு டெய்லரானாள், தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். எட்டாவதோடு என்னை நிறுத்தப் பார்த்த அப்பாவிடம் மல்லுக்கு நின்று, பத்தாவது வரை அனுப்பியதும் அவள்தான். இந்த நாலு வரி எழுத முடிகிறதென்றால் அதனால்தான். அந்த அம்மாவுக்கு மாலை நேராகப் போடத் தெரியாது என்றே நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விஜயதசமி. கம்பெனி லீவு. அத்தை மத்தியானம் வரை தூங்கினாள்.