அலாரம் அடிக்காத ஏலக்காய் ஸ்டோர்

கம்பம்மெட்டில் வீட்டிலிருந்தே தனியாளாக மென்பொருள் எழுதத் தொடங்கிய காலம், நினைத்தால் இப்போதும் இனிக்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் சூடு கூடினால், என் ஆப் போனில் அலாரம் அடிக்கும்.

ஆப் மலையாள எழுத்திலும் வேண்டும் என்று ஒரு ஸ்டோர்காரர் கேட்டார். அவசரத்தில் புதிய பதிப்பைச் சோதிக்காமலே எல்லோருக்கும் அனுப்பினேன். மாலையில், பக்கத்து ஸ்டோரில் வேலை பார்த்த செல்லத்தாய் அக்கா போன் செய்தார்.

"ஏ ஜெசி, ஒன் அலாரம் அடிக்கவே இல்ல. வாசம் மாறுதேன்னு நாந்தான் தீயக் கொறச்சேன். இல்லன்னா காய் பூராம் கருகியிருக்கும்."

பதறி ஓடினேன். அக்கா திட்டவில்லை. "மொதல்ல கட்டன் டீ குடி தாயி, பெறகு சரி பண்ணலாம்" என்றார்.

அக்கா இப்போது மகளோடு கம்பத்தில் இருக்கிறார். நான் எந்தப் பதிப்பையும் முதலில் காலி ஸ்டோர் ஒன்றில் போட்டு, சூடேற்றி, அலாரத்தைக் காதால் கேட்ட பிறகே மற்றவர்களுக்கு அனுப்புகிறேன்.