காது இரண்டு, மடி இரண்டு

எட்டு வயது வரை நான் மூளிக் காதோடு திரிந்ததற்குக் காரணம் என் இரண்டு தாய்மாமன்கள். மற்ற வீடுகளில் பெண் குழந்தைக்கு நடை பழகும் முன்பே காது குத்திவிடுவார்கள். எங்கள் வழக்கப்படி மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு மாமனுக்குப் பஞ்சமில்லை. எந்த மாமன் மடி என்பதுதான் வருஷக்கணக்காக முடிவாகவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டை இரண்டு காதிலும் ஒட்டி அனுப்புவாள் அம்மா. தூரத்திலிருந்து பார்த்தால் கம்மலேதான். பி.டி. பீரியடில் ஓடி வியர்த்தால் ஒன்று கழுத்துக்கு இறங்கிவிடும், இன்னொன்று யாராவது ஒருத்தியின் முதுகில் கிடைக்கும்.

பெரிய மாமா அம்மாவுக்கு அண்ணன். குத்தம்பாக்கத்தில் பூர்வீக வீட்டில் இருந்துகொண்டு, கொஞ்சம் நிலத்தையும் இரண்டு தண்ணீர் லாரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மாமா அம்மாவுக்குத் தம்பி. ஆவடியில் குடியிருந்து ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரு காலத்தில் காணும் பொங்கலுக்கு மொத்தச் சொந்தமும் குத்தம்பாக்கத்தில்தான் கூடுமாம். எனக்கு நினைவு தெரியும் முன்பே அது நின்றுவிட்டது. பெரிய மாமா மாடி கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த சின்ன மாமாவின் மாமனாரை, வார்டு மெம்பர் வந்துவிட்டார் என்று யாரோ எழுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் சண்டை. எழுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. இலையில் சோறு விழுந்த பிறகு எழுப்பினார்களா, விழும் முன்பா என்பதில் சொந்தமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு யார் வீட்டு விசேஷமானாலும், அழைக்க வந்தவரிடம் இரண்டு மாமன்களும் கேட்பது ஒரே கேள்விதான். பெரியவர் “அவன் வரானா?” என்பார். சின்னவர் “அவரு வராரா?” என்பார். சாமர்த்தியசாலிகள் ஒருவரை முகூர்த்தத்துக்கும் இன்னொருவரை ரிசப்ஷனுக்கும் அழைத்துச் சமாளித்தார்கள். காது குத்துவதற்கு ரிசப்ஷன் கிடையாது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் அம்மா திடீரென்று முடிவு செய்தாள். பாப்பாவுக்குக் காது குத்துகிறோம், சொந்தத்தில் ஒருத்தர் விடாமல் கூப்பிடுகிறோம். அப்பாவுக்குத் திருச்சிப் பக்கம். அம்மா வீட்டுச் சண்டைகளில் அவர் எப்போதும் வேடிக்கை பார்க்கும் கட்சி. சரி என்று தலையாட்டிவிட்டு ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு வந்தார். சொந்தத்தைக் கூட்ட இப்போது வாட்ஸப்பில் ஒரு செய்தி போதும். அப்போது தாம்பூலத் தட்டோடு வாசலில் போய் நிற்காவிட்டால் அழைத்ததாகவே கணக்கில்லை. முகப்பேரிலிருந்து கிளம்பி ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போனோம். ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டு வருவது என் வேலை.

குத்தம்பாக்கத்தில் பெரிய மாமா தட்டைக் கையில் வாங்கும் முன்பே கேட்டுவிட்டார்.

“அவன் வரானா?”

“அவன் வரான், வரல, அத்த உடு. நீ மூத்தவன். பாப்பாவுக்கு உன் மடிலதான் காது குத்தணும்” என்றாள் அம்மா.

“இன்னா கேள்வி இது? என் மடி இல்லாம வேற எவன் மடி?” என்று பெரிய மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கு வயிறு முட்ட நுங்கு.

அடுத்த ஞாயிறு ஆவடி. சின்ன மாமாவும் கேட்க வேண்டியதைக் கேட்டார். அம்மா அவர் தோளைத் தொட்டு, “நீ தூக்கி வளத்த கொயந்தடா. உன் மடி இல்லாம எப்டி?” என்றாள். சின்ன மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப் போய் எனக்குச் சமோசா வாங்கி வந்தார்.

திரும்பும் வழியில் அம்பத்தூர் சிக்னலில் நின்றபோது அப்பா தலையைத் திருப்பாமல் கேட்டார். “என்னம்மா இது, ரெண்டு பேருக்கும் மடியச் சொல்லிட்ட?”

“காது ரெண்டு கீது இல்ல?” என்றாள் அம்மா.

பச்சை விழுந்ததும் அப்பா வண்டியை எடுத்தார்.

குத்தம்பாக்கத்தில் வைத்தால் சின்னவர் வரமாட்டார், ஆவடியில் வைத்தால் பெரியவர் வரமாட்டார் என்பதால் பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தைப் பிடித்தார்கள். எனக்கு இத்தனை சொந்தம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வருகிறவர்களெல்லாம் என் கன்னத்தைக் கிள்ளி, “நான் யாரு, சொல்லு பாக்கலாம்?” என்று பரீட்சை வைத்தார்கள். தெரியாது என்றால் உடனே அம்மா பக்கம் திரும்பி, “இன்னாமா, கொயந்தைக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியா?” என்று குறைப்பட்டார்கள். வருஷக்கணக்காகப் பார்க்காத பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, நீ இளைத்துவிட்டாய், நீ பெருத்துவிட்டாய் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். ரயில் சத்தம் கேட்டால் போதும், பிள்ளைகள் கூட்டமாக மொட்டை மாடிக்கு ஓடுவோம். எல்லோரும் கூடி இருப்பதில் இப்படி ஒரு சந்தோஷம் இருப்பது எனக்குப் புதிதாக இருந்தது. தினமும் எனக்குக் காது குத்தினால் தேவலை என்றுகூட நினைத்தேன். குத்தினால் வலிக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை.

பெரிய மாமா மேளதாளத்தோடு சீர்த்தட்டு எடுத்து வந்தார். மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நகை வேலை செய்யும் பத்தர் எதிரே உட்கார்ந்தார். அப்போதுதான் சின்ன மாமா கையில் தன் சீர்த்தட்டோடு மண்டபத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே நடப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

பத்தர் வலது காதில் குத்தினார். நான் போட்ட கூச்சலில் யாரோ என் வாயில் வெல்லம் கலந்த அரிசியைத் திணித்தார்கள். பத்தர் இடது காதுப் பக்கம் நகர்ந்தபோது அம்மா குறுக்கே வந்தாள்.

“இருங்க பத்தரே. இந்தக் காது தம்பி மடில.”

எல்லோர் தலையும் மணைப் பக்கம் திரும்பியது. விஷயம் தெரியாத மேளக்காரர்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ போய் அவர்களையும் நிறுத்தினார்கள்.

“இன்னாம்மா சொல்ற? உக்கார வச்சிட்டுப் பாதில எழுப்புவியா?” என்றார் பெரிய மாமா.

“பாதில எழுப்பினா எப்டி கீதுன்னு இப்பனாச்சும் தெரியுதா?” என்று வாசலிலிருந்து சின்ன மாமாவின் குரல் வந்தது.

அவ்வளவுதான். இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். சோறு விழுந்ததா விழவில்லையா என்பது முதலிலிருந்து தொடங்கியது. சின்ன மாமா தட்டை ஒரு நாற்காலியில் வைத்தார். “மிச்சம் கீற காதுக்கு நான் ஒண்ணும் வரலக்கா. ரெண்டையும் அவரே குத்திக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

“குத்துங்க பத்தரே” என்றார் பெரிய மாமா.

அம்மா குனிந்து என்னை அவர் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். பெரியவர்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். நல்ல நேரம் போகிறது என்றார்கள். பாதியில் நிறுத்தினால் ஆகாது என்றார்கள். “அவன் வரட்டும். அது வரிக்கும் ஒரு காது போதும்” என்று அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். பத்தர் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்காக யாரும் சாப்பிடாமல் போகவில்லை. கோபத்தில் இருந்தவர்களும் பிரியாணியை மறுபடி கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது இடது காதைக் காட்டி ஸ்டிக்கர் பொட்டு கேட்டேன். “வேணாம், அப்படியே இருக்கட்டும்” என்றாள் அம்மா. அத்தனை வருஷம் என் காதை மறைக்கப் பாடுபட்டவள், அன்றிலிருந்து தலையை இறுக்கி வாரி, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, காது நன்றாகத் தெரியும்படி அனுப்பத் தொடங்கினாள். வகுப்பில் எனக்கு ‘சிங்கிள்’ என்று பெயர் வந்தது.

அதோடு விட்டாளா? அதுவரை தூரத்துச் சொந்தத்தின் விசேஷங்களுக்கு அப்பாவை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவள், இப்போது ஒன்று விடாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பூந்தமல்லியில் கல்யாணம், திருநின்றவூரில் வளைகாப்பு, எங்கேயானாலும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். என் இடது பக்கம் கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி உட்கார வைப்பாள். பார்க்கிறவர்களெல்லாம், “இன்னாமா இது, ஒத்தக் காதோட?” என்று கேட்பார்கள்.

“அவ மாமனுங்களக் கேளுங்க.” அம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

கேட்டார்கள். போனில் கேட்டார்கள், கடைத்தெருவில் கேட்டார்கள், சாவு வீட்டில்கூடக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் இரண்டு பேருக்கும் ‘ஒத்தக் காது மாமன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. யாரைச் சொல்கிறார்கள் என்ற குழப்பம் வந்தால், “எந்த ஒத்தக் காது மாமன்? லாரி வச்சிருக்கறவரா, கம்பெனிக்காரரா?” என்று கேட்டுத் தெளிந்துகொண்டார்கள். முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேருக்கும் சொந்தம் சேர்ந்து ஒரே பெயரை வைத்துவிட்டது.

எனக்கு இதெல்லாம் விளங்கவில்லை. அம்மாவுக்கு என்மேல் பாசம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அழுதுகொண்டே அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் என்னை இழுத்து அணைத்து என் இடது காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பெற்றவர்கள் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த அண்ணனும் தம்பியும்தான். பிரிந்த பிறகும் இரண்டு பேரும் அவளிடம் பாசமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவளுக்குப் போவதற்கு ஒரு பிறந்த வீடு இல்லாமல் போய்விட்டது. தினமும் காலையில் தலை வாரி முடித்ததும் அவள் என் காதை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றது ஏன் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மாமா பைக்கில் வந்து இறங்கினார். “பாப்பாவக் கடைக்குக் கூட்டிகினு போய்ட்டு வரேன்” என்றார். நானும் ஐஸ்கிரீம் ஆசையில் ஏறிக்கொண்டேன். தெருமுனையில் ஒரு ஆள் பின்னால் ஏறினார். அவர் மடியில் இருந்த பையைப் பார்த்ததும் இடது காதைப் பொத்திக்கொண்டேன். பத்தர்!

பைக் ஆவடியில் போய் நின்றது. சின்ன மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைப் பிழிந்தார், மறுபடி பிழிந்தார். பெரிய மாமா எஞ்சினை நிறுத்தவில்லை.

“டேய், வந்து உக்காரு.”

“இன்னாத்துக்கு?”

“கொயந்த ஒத்தக் காதோட திரியுது. வெளிய மூஞ்ச காட்ட முடில. வந்து மடியக் குடு.”

சின்ன மாமா துணியை வண்டிமேல் போட்டார். “அன்னிக்கு எங்க மாமனார...” என்று ஆரம்பித்தார்.

“எவன் எழுப்பனானோ எனக்குத் தெரியாதுடா. என் ஊட்ல நடந்துது. தப்பு என்னுது. இப்ப உக்கார்றியா, இல்லியா?”

அப்போதுதான் எஞ்சின் நின்றது.

கூடத்தில் பாய் விரித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சின்ன மாமா உட்கார்ந்தார். நான் அவர் மடியில். பெரிய மாமா முட்டி போட்டு, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துத் தம்பியின் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். மேளம் இல்லை, வெல்ல அரிசி இல்லை. குத்தியபோது நான் அலறிய அலறலில் இருவருமே பயந்துபோய், ஒரே நேரத்தில் என்னைச் சமாதானம் செய்யத் தொடங்கினார்கள். ஒருவர் பொம்மை என்றார், ஒருவர் சைக்கிள் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு, சைக்கிள் எங்கே வாங்கினால் நன்றாக இருக்கும் என்று அவர்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பத்தரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மூன்று பேரும் ஒரே பைக்கில் முகப்பேருக்கு வந்தோம். எனக்கு முன்னால் பெரிய மாமாவின் முதுகு, பின்னால் சின்ன மாமாவின் தொப்பை. வீடு இரண்டாவது மாடி. அவர்கள் வண்டியை நிறுத்துவதற்குள் நான் படியில் தாவி ஏறிக் கதவைத் தட்டினேன். அம்மா திறந்தாள்.

“பாரும்மா, இந்தக் காதும் குத்தியாச்சு!” என்று இடது பக்கத்தைக் காட்டினேன்.

அம்மா என் தலைக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னாலேயே, “பாத்துண்ணா, மெதுவா” என்று சின்ன மாமாவின் குரல் கேட்டது. அம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

எனக்கு வலித்திருக்குமே என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, “அழாதம்மா. நெசமா வலிக்கவே இல்ல” என்று பொய் சொன்னேன். அவள் அழுகை இன்னும் அதிகமானதே தவிரக் குறையவில்லை. அன்று சாயங்காலம் வரை அவள் என் காதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு வலியைப் பொறுத்துக்கொண்டு வந்தவளைக் கவனிக்காமல் இந்த அம்மா யாருக்காக அழுகிறாள் என்று எனக்கு ரொம்ப நாள் வரை கோபமாகத்தான் இருந்தது.